மாசிப் பனி உங்கள் ஊரில் உதவியா, உபத்திரவமா?

களத்துமேடு | நீடாமங்கலம் பக்கம் | பிப்ரவரி 16

எல்லோருக்கும் வணக்கம். சம்பா அறுப்பு முடிந்து, தாளுக்கு நடுவே உளுந்து இரண்டு இலை விட்டு நிற்கிறது. காலையில் வரப்பில் இறங்கினால் முழங்கால் வரை வேட்டி நனைந்துவிடுகிறது. எட்டு மணி வரைக்கும் எதிர் வரப்பில் நிற்கிற ஆள் யாரென்றே தெரியாது. பத்து மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று இறங்குகிறது. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பது இந்த வருஷம் அப்படியே பொருந்துகிறது.

டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு விஷயம். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது எங்கள் கணக்கு. மூடிய பிறகு ஆற்றில் தண்ணீர் வராது. அதனால் நெல் நிற்கும்போதே, சேறு மெழுகு பதத்தில் இருக்கும் நேரம் பார்த்து, வழக்கமாக அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் உளுந்தைக் கதிர்களுக்கு நடுவே தெளித்துவிடுவோம். ஏக்கருக்கு 12 கிலோ போதும். உழவு கிடையாது, அடியுரம் கிடையாது, தண்ணீர் கட்டுவதும் கிடையாது. ஆடுதுறை 3 என்றால் 70, 75 நாளில் காய் முற்றிவிடும். பனிதான் உளுந்துக்குத் தண்ணீர் என்று அப்பா சொல்லுவார். ஊரில் பெரியவர்கள் எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள்.

கிருஷ்ணகிரியில் இருந்து வந்த உறவினர் ஒருவர் எங்கள் வயலைப் பார்த்துவிட்டு, "இந்தப் பனி இன்னும் நின்றால் எங்கள் மாம்பூ அவ்வளவுதான்" என்றார். எங்களுக்கு வரமாக இருப்பது அங்கே தொல்லையாக இருக்கிறது. உங்கள் ஊரில் எப்படி? பனி எப்போது விலகும், அதற்குள் முடிக்க வேண்டிய வேலை என்ன, விலகிய பிறகு தொடங்குவது என்ன? எழுதுங்கள்.

மாந்தோப்பு | பர்கூர் | பிப்ரவரி 16

உங்கள் உறவினர் சொன்னது சரி. தை மாதம் பூத்த மரத்தை மாசி முழுக்கக் காபந்து பண்ணுவதுதான் எங்கள் பிழைப்பு. பனி இறங்கி, பகலிலும் மேகம் மூடியிருந்தால் பூங்கொத்தில் சாம்பல் நோய் வந்துவிடும். திருநீறு தூவின மாதிரி வெளுத்துப் போய், பூ கையோடு உதிரும். கூடவே தத்துப்பூச்சி. மரத்தடியில் நின்று கிளையை லேசாகத் தட்டினால் படபடவென்று சிதறிப் பறக்கும், இலை மேல் விழுகிற சத்தம் காதில் கேட்கும். அது கழிக்கிற இனிப்பு நீர் இலையில் பிசுபிசுவென்று படிந்து, அதன் மேல் கரும்பூசணம் ஏறும். கீழே கிடக்கிற கல் கூடப் பளபளக்கும்.

மருந்து அடிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். மொட்டு விடும்போது அடியுங்கள், பிஞ்சு பட்டாணி அளவு வந்ததும் அடியுங்கள். பூ விரிந்து நிற்கும்போது அடிக்காதீர்கள். மாம்பூவுக்கு மகரந்தம் கொண்டுபோவதில் ஈக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஈயையும் தேனீயையும் கொன்றுவிட்டுக் காய் பிடிக்கவில்லை என்று கடைக்காரரிடம் போய் நிற்பதை எங்கள் பக்கம் வருஷா வருஷம் பார்க்கிறேன், வயிறு எரிகிறது.

எங்களுடையது பெங்களூரா ரகம், கூழ் தொழிற்சாலைக்குப் போகிறது. மாசி பாதியில் பனி குறைந்தால் வருஷம் தப்பித்தது.

பென்னாகரத்துப் பெண் | பிப்ரவரி 17

எங்களுக்கு மாசி என்றால் புளி. சாலை ஓரத்து மரங்களை ஏலம் எடுத்தவர்கள் உலுக்க ஆரம்பித்துவிட்டார்கள். சொந்த மரம் இருக்கிறவர்கள் சிவராத்திரிக்கு முன்னாலேயே ஆள் சொல்லி வைத்துவிடுவார்கள், ஏனென்றால் உச்சாணிக் கிளை வரை ஏறத் தெரிந்த ஆட்கள் ஊருக்கு ஒருவர் இருவர்தான்.

பனி எங்களுக்கு எப்படித் தொல்லை என்றால், ராத்திரி வாசலில் கிடந்த பழம் காலையில் பதம் மாறிப்போயிருக்கும். ஓடு தோல் மாதிரி வளையுமே தவிர உடையாது. அதனால் காலை வேலை பழத்தைப் பரப்பிவிடுவது மட்டும்தான். பதினோரு மணி வெயிலுக்கு ஓடு மொறுமொறுவென்று ஆன பிறகு தடி எடுத்துத் தட்டினால் கலகலவென்று கழன்றுவிடும். அப்புறம் நார் உரிக்க வேண்டும். அப்புறம் கொட்டை எடுக்க வேண்டும். கொட்டை எடுப்பது உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலைதானே என்று ஆண்கள் சொல்வார்கள். ஒரு நாள் எடுத்துப் பார்க்கட்டும். இடது கையில் பழத்தைப் பிடித்து வலது கையில் சின்னச் சுத்தியால் ஒரே தட்டு. தட்டு பிசகினால் கொட்டை பிளந்து சதையோடு ஒட்டிக்கொள்ளும், வியாபாரி விலையைக் குறைப்பான். சாயங்காலம் விரல் இடுக்கில் புளி ஏறி, சாப்பிட உட்காரும்போது குழம்பு பட்டால் உயிர் போகும்.

கூலி கிலோக் கணக்கில்தான். அதிலும் கொட்டையை நாங்களே வைத்துக்கொள்கிறோமா, கொடுத்துவிடுகிறோமா என்பதைப் பொறுத்துக் கூலி மாறும். வீட்டுக்கு வைத்துக்கொள்ளும் புளியைக் கல் உப்பு போட்டுப் பானையில் அடுக்கி வைத்தால் அடுத்த மாசி வரை கெடாது. புதுப்புளி வந்த முதல் நாள் ரசத்துக்கு என்று ஒரு வாசனை இருக்கிறது, அதற்காகவே நான் இந்த மாதத்தை எதிர்பார்ப்பேன்.

மஞ்சக்காடு | மொடக்குறிச்சி | பிப்ரவரி 17

அக்கா சொல்வது போலத்தானுங்க எங்களுக்கும். மஞ்சள் வெட்டு தையில் ஆரம்பித்து பங்குனி வரைக்கும் ஓடும். தாளை அறுத்துப் போட்டுவிட்டு, வெட்டி எடுத்து, கிழங்கையும் விரலியையும் தனித்தனியாகப் பிரித்து, ஆவியில் வேக வைத்துக் களத்தில் கொட்டுகிறோம். வெந்த மஞ்சள் மேல் பனி இறங்கினால் நிறம் மங்கிப்போகும். அதனால் சாயங்காலம் குவித்துப் படுதா போட்டு மூடுவதும், காலையில் பனி வற்றியதும் திரும்பப் பரப்புவதும்தான் வேலை. விரலியை ஒடித்துப் பார்த்தால் 'டக்'கென்று சத்தம் வர வேண்டும். வந்தால்தான் மெருகு போடும் டிரம்முக்குப் போகும். 2019-ல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது எங்களுக்கெல்லாம் பெருமைதானுங்க. ஆனால் களத்தில் மூடி மூடித் திறக்கிற வேலை அப்படியேதான் இருக்கிறது.

சித்திரை, வைகாசியில் திரும்ப நடவு. நடுவில் மூச்சு விடக் கிடைப்பது பங்குனிக் கடைசி மட்டும்தான்.

வேளாண் மாணவன் | பிப்ரவரி 18

களத்துமேடு அண்ணா, பனிதான் உளுந்துக்குத் தண்ணீர் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. உளுந்தின் வேர் குடிப்பது உங்கள் களிமண்ணுக்குள் தங்கியிருக்கிற ஈரத்தை. நெல்லுக்கு மாதக்கணக்கில் தண்ணீர் கட்டிய மண் அது, வெளியே வெடித்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். பனி செய்வது வேறு வேலை. காலையில் இலை ஈரமாக இருக்கிற வரை செடியில் இருந்து நீர் ஆவியாகிப் போவது குறைகிறது, மண்ணும் அவ்வளவு சீக்கிரம் காயாது. அதனால் உள்ளே இருக்கிற ஈரம் கூடுதல் நாளைக்குத் தாங்குகிறது. மணல் கலந்த நிலத்தில் இதே பனி இறங்கினாலும் தண்ணீர் விடாமல் உளுந்து எடுப்பது கஷ்டம்.

இன்னொன்று. பனி அதிகமானால் உளுந்திலும் சாம்பல் நோய் வரும். இலை மேல் வெள்ளைப் புள்ளி தெரிகிறதா என்று இப்போதிலிருந்தே பாருங்கள். பனி போய்ச் சூடு ஏறினால் வெள்ளை ஈ வரும், அதோடு மஞ்சள் தேமல் வரும். தேமல் வந்த செடியை ஆரம்பத்திலேயே பிடுங்கிப் போட்டுவிடுங்கள்.

களத்துமேடு | பிப்ரவரி 18

நல்ல விளக்கம் தம்பி. ஆனால் அப்பா சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. பனி சீக்கிரம் விலகின வருஷங்களில் செடி குட்டையாக நின்று, காய் மேல் காயாக இல்லாமல் இரண்டு மூன்றோடு நின்றுவிடும். மண் அதே மண்தான். நீ சொன்ன மாதிரி ஈரம் தாங்குகிறதற்குப் பனி உதவுகிறது என்றால், இருவரும் ஒரே இடத்துக்குத்தான் வருகிறீர்கள்.

வெண்ணாற்றங்கரை | பிப்ரவரி 19

பனியைப் பற்றிப் பேசுகிறீர்கள். உளுந்தைக் கெடுத்தது பனியும் இல்லை, வெயிலும் இல்லை. அறுக்கிற மெஷின்.

கை அறுப்பு இருந்தபோது ஆள் காலடி பட்டு முளை சாகாது. அறுத்ததை அரி அரியாகப் போட்டு, காய்ந்ததும் கட்டித் தலைச்சுமையாகக் களத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வயல் அன்றைக்கே வெளிச்சமாகிவிடும். உளுந்து எழுந்து நிற்கும். இப்போது பெல்ட் வண்டி இறங்கி ஒரு சுற்று சுற்றினால் திரும்புகிற முனையெல்லாம் உளுந்து மண்ணுக்குள். பின்னால் கொட்டிவிட்டுப் போகிற வைக்கோல் வரிசையைப் புரட்டிப் பாருங்கள், அடியில் முளை வெளுத்துப் போய்ச் சுருண்டு கிடக்கும். எங்கள் ஊரில் உளுந்து தெளிப்பதையே பலர் விட்டுவிட்டார்கள். தாளடி அறுத்த வயல் மாசியில் சும்மா கிடப்பதை என் சின்ன வயசில் நான் பார்த்ததே இல்லை.

களத்துமேடு | பிப்ரவரி 19

ஐயா, மெஷின் வேண்டாம் என்றால் அறுக்க ஆள் எங்கே? தை பிறந்ததும் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் கதிர் சாய்கிறது. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் மழை வந்து நின்ற கதிரெல்லாம் தண்ணீரில் படுத்ததை நீங்களும் பார்த்தீர்கள். அப்படி ஒரு மழை பயம் தலைக்கு மேல் இருக்கும்போது, ஆளுக்காகக் காத்திருக்க யாருக்கும் மனசு வராது.

நான் செய்கிறது இது. மெஷினுக்குத் தேதி சொன்ன பிறகுதான் விதையைத் தெளிப்பேன், நாலைந்து நாள் முன்னால். விதை ஊறி முளை வெடிக்கிற நிலையில் வண்டி ஏறினால் ஓரளவு தப்பிக்கிறது. இலை விட்ட பிறகு ஏறினால் போச்சு. வண்டி போன அன்றைக்கே வீட்டில் எல்லோரும் இறங்கி வைக்கோலை உதறிப் பரப்பிவிடுவோம், இல்லையென்றால் கட்டுகிற மெஷினைக் கூப்பிட்டு உடனே எடுத்துவிடுவோம். தடம் விழுந்த இடம் போகத்தான் செய்யும். மற்ற இடத்தில் எடுக்கலாம்.

வெண்ணாற்றங்கரை | பிப்ரவரி 19

சொல்கிற தேதிக்கு வண்டி வந்தால்தானே அப்பா. இன்றைக்கு நாளைக்கு என்று பத்து நாள் இழுத்துவிட்டால் விதை முளைத்து நெல்லோடு போட்டி போட்டு வளர்ந்துவிடுகிறது. வண்டிச் சொந்தக்காரரைக் குறை சொல்லவில்லை, அவரும் ஊர் ஊராக ஓடுகிறார். ஒரு வாய்க்கால் பாசனத்தில் இருக்கிறவர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, வண்டிக்கு வரிசை போட்டு, அதற்கேற்ப விதைத்தால் தவிர இது சரிவராது. முன்பு முறைத்தண்ணீருக்கு அப்படித்தான் உட்கார்ந்து பேசினோம். உளுந்துக்கும் பேசலாம்.

கிடைக்காரர் மகள் | மானாமதுரை பக்கம் | பிப்ரவரி 20

வணக்கம். என் அப்பா கீதாரி, ஊர் ஊராக ஆட்டு மந்தையை ஓட்டிப் போய், எருவுக்காக ராத்திரி வயலில் கிடை போடுகிறவர். அறுப்பு முடிந்ததும் எங்கள் ஆடுகள் டெல்டா பக்கம் போகும், ஆவணியில் மழை ஆரம்பிக்கும்போது திரும்பும். சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூட லீவுக்கு நானும் கூடப் போயிருக்கிறேன். இந்த இழையைப் படிக்கிறபோது உளுந்து போடுகிறவர்கள் பக்கம் இருந்துதான் எல்லோரும் பேசுகிறீர்கள் என்று தோன்றியது, அதனால் எழுதுகிறேன்.

மாசியில் எங்கள் ஆட்கள் நடந்து வரும்போது முதல் கேள்வி, எந்த வயலில் உளுந்து இருக்கிறது, எது சும்மா கிடக்கிறது என்பதுதான். பனிக்குள் தூரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். விடியற்காலையில் ஆடு பசியோடு எழும். ஒரு ஆடு வரப்பு தாண்டினால் மந்தையே பின்னால் போகும். அப்படி ஒரு வரப்பு தாண்டினதுக்கு அபராதம் கட்டிவிட்டு, அந்த மாசக் கிடைக்காசு முழுவதும் போன வருஷம் உண்டு. அதனால் அப்பா பனி விலகாமல் ஆட்டை எழுப்பவே மாட்டார். நனைந்த புல்லைத் தின்றால் ஆட்டுக்கு வயிறு ஊதும் என்றும் சொல்லுவார். குட்டிகளைக் கவிழ்த்து வைத்த கூட்டில் இருந்து எடுக்க ஒன்பது மணி ஆகிவிடும். கூட்டைத் தூக்கினதும் ஒவ்வொரு குட்டியும் தன் தாயைத் தேடிக் கத்திக்கொண்டே ஓடும். தாய் மோந்து பார்த்துவிட்டுத்தான் பால் விடும், வேறு குட்டி வந்தால் முட்டித் தள்ளும்.

வைக்கோலை மெஷின் வைத்து உருட்டிக் கட்டி லாரியில் ஏற்றுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு அது நல்ல காசு, தெரியும். ஆனால் சிந்தின கதிரும் தாளும் இருந்தால்தான் ஆடு அந்த வயலில் தங்கும். ஒட்டச் சுரண்டி எடுத்துவிட்டு "கிடை போடு" என்றால் ஆடு ராத்திரி பட்டினியாகப் படுக்கும். பட்டினி ஆட்டில் இருந்து என்ன எரு கிடைக்கும்?

வெண்ணாற்றங்கரை | பிப்ரவரி 20

நன்றாகச் சொன்னாய் அம்மா. "ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்" என்று சும்மாவா சொன்னார்கள். கிடை படுத்த வயலில் குறுவை நாற்று நட்ட பத்தாம் நாளே பச்சை தெரியும். உங்கள் ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்தால் எங்கள் தெருவில் முன்பணம் கொடுத்துச் சொல்லி வைப்பார்கள்.

களத்துமேடு | பிப்ரவரி 21

அக்கா, ஒரு யோசனை. உளுந்து எடுத்த பிறகு, சித்திரையில், செடியைப் பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோன வயலில் கிடை போடலாம் இல்லையா? உளுந்துத் தழை உதிர்ந்து கிடக்கும், வரப்பில் புல் இருக்கும். மாசியில் உளுந்து இல்லாத வயல், சித்திரையில் உளுந்து எடுத்த வயல் என்று இரண்டு தவணையாக வந்தால் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை.

பனையேறி மகன் | உடன்குடி | பிப்ரவரி 22

எங்களுக்குப் பனி உதவியும் இல்லை, உபத்திரவமும் இல்லை என்று எழுத வந்தேன். யோசித்துப் பார்த்தால் இரண்டும்தான்.

தையில் ஓலை கழித்து, பனையைச் சுத்தம் பண்ணி, பாளை வருகிறதா என்று பார்ப்போம். மாசியில் பாளை இடுக்க ஆரம்பம். அலகுப்பனையின், அதாவது ஆண்பனையின், பாளையைக் கடிப்பு என்கிற மரக் கிடுக்கிக்குள் கொடுத்து நசுக்குவது ஒரு கைப்பழக்கம். அதிகம் அழுத்தினால் பாளை செத்துவிடும், குறைவாக அழுத்தினால் நீர் சுரக்காது. அப்புறம் நுனியைப் பாளை அரிவாளால் தினமும் மெல்லியதாகச் சீவிவிட வேண்டும், காகிதம் கனத்துக்கு மேல் போகக் கூடாது. உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு இறங்கினால் மறுநாள் காலையில் பதநீர். சுண்ணாம்பு தடவாவிட்டால் அது கள்.

ராத்திரி குளிர்ச்சியாக இருக்கிற வரை பதநீர் புளிக்காமல் தெளிவாக இருக்கும், கருப்பட்டியும் நன்றாக இறுகும். அது பனியின் உதவி. ஆனால் விடியற்காலையில் பனையின் உடம்பு ஈரமாக இருக்கும். ஏறும்போது காலில் மாட்டுகிற தளைநார் வழுக்கும். அப்பாவுக்கு நெஞ்சு முழுக்கத் தழும்பு, எல்லாமே மாசி, பங்குனியில் வாங்கியது. நான் அந்த நேரத்தில் அவர் கூட நிற்பேன், இறங்கி வருகிற வரை கண்ணை எடுக்க மாட்டேன்.

கீழே பதநீர் காய்ச்சுகிற விடிலியில் அம்மா அடுப்பு மூட்டி வைத்திருப்பார். பதநீர் பொங்கி, நுரை அடங்கி, பாகு பதம் வருகிறபோது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்துவிட்டுச் சிரட்டையில் ஊற்றுவார். அந்தப் பதத்தை எந்த மீட்டரும் சொல்லாது. 2021 வேளாண் பட்ஜெட்டில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தபோது சந்தோஷப்பட்டோம். மரம் நிற்கிறது. ஏறத்தான் ஆள் இல்லை. ஏறுகிற பிள்ளைக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள். கருப்பட்டி காப்பி குடிக்கிறவர்கள் சீனி கலக்காத கருப்பட்டியைக் கேட்டு, அதற்குரிய விலையைக் கொடுத்து வாங்கினால் போதும், ஏற ஆள் வரும்.

முண்டு மிளகாய் | கமுதி | பிப்ரவரி 22

எங்கள் பிரச்சினையும் மஞ்சக்காடு நண்பர் சொன்னதுதான். மிளகாய்ப் பழம் பனி காய்ந்த பிறகுதான் பறிக்க வேண்டும். பறித்துக் களத்தில் போட்டதைச் சாயங்காலம் அம்பாரமாக்கித் தார்ப்பாய் போட வேண்டும். ஒரு ராத்திரி மூட மறந்தால் வத்தல் வெளுத்துச் சோடையாகிவிடும், கமிஷன் கடையில் அதற்குத் தனி விலை. 2023-ல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு வந்தது. எங்களுக்கு உடனடியாக வேண்டியது ஊருக்கு ஒரு சிமெண்டுக் களம், ரோட்டில் காய வைத்து லாரிக்குப் பயந்துகொண்டு நிற்க வேண்டாம்.

சிவராத்திரிக்கு எங்கள் பக்கம் மாசிக் களரி. சென்னை, திருப்பூர் என்று போனவர்கள் எல்லாம் குலசாமி கும்பிட வந்துவிடுவார்கள். மிளகாய் பறிக்க ஆள் கிடைக்கிற ஒரே வாரம் அதுதான். வந்த சொந்தக்காரர்களைக் கெஞ்சிக் காட்டுக்குக் கூட்டிப் போவோம், பிள்ளைகள் எல்லாம் சந்தோஷமாக வருவார்கள், கண் எரிந்ததும் ஓடிவிடுவார்கள்.

தேயிலைக்காடு | கோத்தகிரி | பிப்ரவரி 23

நீங்கள் எல்லோரும் சொல்வது வெறும் பனி. எங்களுக்கு உறைபனி. தாழ்வான இடத்துத் தேயிலை ஒரே ராத்திரியில் கருகிவிடும், நெருப்பு வைத்ததுபோல் பழுப்பாகிவிடும். மாசி பாதிக்குப் பிறகு பயம் இல்லை. முதல் கோடை மழை விழுந்தால் கொழுந்து வரும். அது வரை கவாத்து வேலைதான்.

கொழுந்துக்கூடை | டிக்கோயா, மலையகம் | பிப்ரவரி 24

இலங்கையில் இருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் தை தொடங்கிப் பங்குனி வரை வரட்சியும் குளிரும். கொழுந்து குறைவாத்தான் வரும், ஆனா டிம்புள்ள பகுதித் தேயிலைக்கு நல்ல மணம் வாறது இந்தக் காலத்திலதான். பேர் எடுக்கிறது இந்த மாசத்துத் தேயிலை, கூலி குறையிறதும் இந்த மாசத்திலதான். கிலோ பிடிக்காட்டி அரைப்பேர், அரை நாள் கூலிதான். அது பெரிய வேதனை.

இந்த மாசம் எங்கட லயத்தில, தோட்டத்து வரிசை வீடுகளில, மன்மதன் எரிஞ்ச கதையை ஆடுற காமன் கூத்து. நீங்கள் யாரும் காமனைப் பற்றி எழுதவில்லையே? எங்கட முன்னோர் அங்கிருந்து கொண்டுவந்தது.

வெண்ணாற்றங்கரை | பிப்ரவரி 24

எழுதியே ஆக வேண்டும். தங்கச்சி, இங்கேயும் இருக்கிறது. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் நட்டுவிடுவோம். கரும்பு, ஆமணக்கு, வைக்கோல் பிரி சுற்றி ஒரு கம்பம். பௌர்ணமியில் எரிப்பு. இடைப்பட்ட ராத்திரிகளில் லாவணி. மன்மதன் எரிந்தே போனான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று இன்னொரு கட்சி. டேப் என்கிற தோல்வாத்தியம் அடித்துக்கொண்டு பாட்டிலேயே கேள்வி கேட்பார்கள், பாட்டிலேயே பதில் சொல்ல வேண்டும். தஞ்சாவூரில் மராட்டியர் ஆட்சி இருந்தபோது வந்த கலை, எங்கள் வாய்க்கால் வரப்பில் வேர் பிடித்துவிட்டது. பனியில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்போம். விடிந்ததும் நேரே உளுந்து வயலுக்குப் போவோம். எங்களுக்கு வசந்தம் வருவது அப்படித்தான் தெரியும்.

இப்போது பாடத் தெரிந்தவர்கள் குறைந்துபோனார்கள். சில ஊரில் காமன் நடுகிறார்கள், லாவணிக்குப் பதிலாக ஸ்பீக்கர் கட்டிச் சினிமாப் பாட்டு. உங்கள் கூத்து எப்படி நடக்கிறது? ரதி வேஷம் யார் போடுகிறார்கள்?

கொழுந்துக்கூடை | பிப்ரவரி 25

எங்கட தோட்டத்தில ஆம்பிளைப் பிள்ளைகள்தான் ரதி வேஷம் போடுறது. வேஷம் போடுறவர் விரதம் இருக்க வேணும். மதன், ரதி கலியாணம் முழு லயத்துக்கும் கலியாணம் மாதிரி, சாப்பாடு கூடப் பொதுவில. தப்பு மேளம் அடிக்கிறவர் வயசாளி, அவரிடம் பொடியன்மார் இரண்டு பேர் பழகுறாங்கள்.

சமயபுரத்துக்காரி | மார்ச் 3

புதிதாகச் சேர்ந்தேன். எங்கள் ஊரில் இந்த மாற்றம் கோயிலில்தான் முதலில் தெரியும். மாசி கடைசி ஞாயிறு பூச்சொரிதல். அன்றிலிருந்து 28 நாள் அம்மனுக்குப் பச்சைப் பட்டினி. பக்தர்கள் அம்மனுக்காக விரதம் இருப்பது எல்லா ஊரிலும் உண்டு, இங்கே பக்தர்களுக்காக அம்மன் விரதம் இருக்கிறாள். சமைத்த நைவேத்தியம் கிடையாது. நீர்மோர், பானகம், துள்ளுமாவு, இளநீர். வெயில் ஏறுகிற நேரத்தில் உடம்புக்கு எது வேண்டுமோ அதேதான். வீட்டிலும் பலர் அப்படித்தான் மாறிவிடுவோம். வேப்ப மரம் பூக்கத் தொடங்கிவிட்டது. இனி விடியற்காலையில் மரத்தடியில் பழைய புடவையை விரித்துப் பூ பிடித்தால் சித்திரை முதல் நாள் பச்சடிக்கும் வருஷ ரசத்துக்கும் ஆகும். பனி ஈரத்தோடு பிடித்த பூவை நிழலில் உலர்த்துங்கள், நேர் வெயிலில் போட்டால் கறுத்துப்போகும்.

மாந்தோப்பு | மார்ச் 6

எங்கள் பக்கம் பனி விலகிவிட்டது. பிஞ்சு நின்றுவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் குயில் விடாமல் கத்துகிறது. சாம்பல் நோய் கீழ்க்கிளையோடு நின்றது. வடு பொறுக்க ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

களத்துமேடு | மார்ச் 8

உளுந்து பூத்துவிட்டது. டிஏபி உரம் தெளித்தேன். நாலு கிலோவை முதல் நாள் சாயங்காலம் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் தெளிவை மட்டும் வடித்து, 200 லிட்டராக்கி ஏக்கருக்கு அடித்தோம். இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை அடிக்க வேண்டும். தேமல் வந்த செடிகளை அம்மாவும் சித்தியும் பார்த்துப் பார்த்துப் பிடுங்கிவிட்டார்கள். காலையில் பனி இன்னும் இருக்கிறது, ஆனால் வேட்டி நனைகிற அளவுக்கு இல்லை.

வெண்ணாற்றங்கரை ஐயா சொன்னதைப் பற்றி எங்கள் வாய்க்கால் ஆட்களிடம் பேசினேன். அடுத்த தைக்கு வண்டிக்கு வரிசை போட்டு, ஒரு பக்கத்தில் இருந்து அறுத்துக்கொண்டு வரலாம் என்று பாதிப்பேர் சரி என்கிறார்கள். மீதிப்பேரைச் சித்திரைக்குள் உட்கார வைக்க வேண்டும்.

கிடைக்காரர் மகள் அக்கா, என் கேள்விக்குப் பதில் எழுதவில்லையே?

கிடைக்காரர் மகள் | மார்ச் 9

அப்பாவிடம் போனில் பேசத் தாமதமாகிவிட்டது தம்பி. உளுந்து எடுத்த வயல் என்றால் ரொம்ப சந்தோஷம் என்றார். அவருடைய மந்தை இப்போது கும்பகோணம் பக்கம் மேய்கிறது, சித்திரை பிறந்ததும் உங்கள் பக்கம் இறங்கும். அவர் கேட்கச் சொன்னது மூன்று. வயலுக்குள் ஆடு நடந்து வர, வேறு யார் உளுந்தையும் மிதிக்காத வழி இருக்கிறதா? பக்கத்தில் ஆடு குடிக்கக் குளமோ போர்த் தண்ணீரோ உண்டா? செடியைப் பிடுங்குகிறீர்களா, அறுக்கிறீர்களா? அறுத்தால் அடிக்கட்டை குத்தி ஆட்டுக்குக் குளம்பு புண்ணாகும், அதனால் பிடுங்கின வயல்தான் வேண்டும் என்கிறார்.

களத்துமேடு | மார்ச் 9

வழி வாய்க்கால் கரை மேல் இருக்கிறது, அகலமான கரை. குளம் மேற்கே இரண்டு வயல் தள்ளி, சித்திரை வரை தண்ணீர் நிற்கும். நாங்கள் பிடுங்கித்தான் எடுப்போம். தனிச்செய்தியில் என் போன் நம்பர் அனுப்பியிருக்கிறேன், உங்கள் அப்பாவைச் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் கூப்பிடச் சொல்லுங்கள்.